பளபளப்பாக வந்த கரித்துணி

காலை ஆறு நாற்பது. இரண்டாவது உலையின் கதவைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது பளபளப்பு.

எங்கள் துணி பளபளக்காது. சிம்னி விளக்கின் புகை படிந்த சுவர்போல மங்கலான கறுப்பில் இருக்கும். தொட்டால் விரலில் ஒட்டும். அன்று தட்டில் கிடந்த துணி மழையில் நனைந்த காக்கைச் சிறகுபோல மின்னியது. உலை ஆபரேட்டர் பாஷா தட்டை இழுத்து வெளியே வைத்தார். துணியின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்து, விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னா சார் இது, உள்ள வெச்சது கரித்துணி, வெளிய வந்துருக்கறது பட்டு. கையில ஒரு பொட்டு ஒட்டல பாருங்க."

நானும் தேய்த்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. ஒரு வாரமாக நாங்கள் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு உலை எப்படி ஓட்டுவது என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்குப் புத்தகமும் பயிற்சியும் இருக்கின்றன. எண்பதுகளின் நடுவில் நான் செய்த ஒரு தவற்றை மட்டும் சொல்கிறேன். அப்போது நான் காரிமங்கலத்துக்கு வெளியே இருந்த ஒரு சிறிய தொழிற்சாலையில் உற்பத்திப் பொறுப்பாளர். எல்லாரையும் சேர்த்தால் இருபது பேருக்கு மேல் இல்லை. விஸ்கோஸ் துணியைக் காற்றுப்படாமல் சுட்டுக் கரியாக்குவோம். பிறகு தொள்ளாயிரம் டிகிரிச் சூட்டில் நீராவி விடுவோம். நீராவி கரியை அரித்து, இழைக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகளை உண்டாக்கும். கைக்குட்டை அளவுத் துணிக்குள் இருக்கும் துளைச் சுவர்களை எல்லாம் விரித்துப் போட முடிந்தால் மூன்று ஏக்கர் வரும். ரசாயன ஆவி அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். துணியின் வேலை அவ்வளவுதான்.

எங்களிடம் அதை வாங்கியவர்கள் ஓசூர்ப் பக்கம் இருந்த ஒரு பெயின்ட் கம்பெனிக்காரர்கள். ஓசூரும் அப்போது தர்மபுரி மாவட்டம்தான். துணியை வட்டமாக வெட்டி, ஆறு அடுக்கு சேர்த்து, மாஸ்க்கின் தகர டப்பாவுக்குள் வைப்பார்கள். பெயின்ட் கலக்கும் தொட்டிகளைத் தின்னர் ஊற்றிச் சுரண்டுகிறவர்கள் அந்த மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு உள்ளே இறங்குவார்கள். இன்று வெறும் மாஸ்க்கோடு யாரையும் மூடிய தொட்டிக்குள் இறக்கக் கூடாது, வெளிக்காற்று குழாயில் வர வேண்டும். அன்று இடுப்பில் கயிறு கட்டி இறக்கினார்கள்.

சம்பவத்துக்கு ஒரு வாரம் முன்பு அந்தக் கம்பெனியின் ஸ்டோர்ஸ் அதிகாரி, தொட்டி சுரண்டும் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு எங்களிடம் வந்தார். அந்த ஆளின் பெயர் முனியப்பன். நாற்பது வயதிருக்கும். மூக்கையும் வாயையும் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம்.

"சோப்புப் போட்டாலும் போவலைங்க. வூட்டுக்குப் போனா எம்பொண்டாட்டி, யாருய்யா நீ, எந்த ஊர் ஆஞ்சநேயர்னு கேக்கறா. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா மேல ஏறி வந்து மூஞ்சியத் தொடைக்க வேண்டிருக்குது. இருமுனா சளி கறுப்பா வருதுங்க."

சிரிப்பு வந்தது. சிரித்தவர்களில் நானும் ஒருவன். ஸ்டோர்ஸ் அதிகாரி சிரிக்கவில்லை. "அடுத்த லாட்லயும் தூசி கொட்டுச்சுன்னா நாங்க பம்பாய்ல வாங்கிக்கறோம்" என்றார். எங்கள் முதலாளி என்னைப் பார்த்தார்.

தூசிக்குக் காரணம் எனக்குத் தெரியும். நீராவி அரித்த இழை உளுத்த கழிபோல இருக்கும். மடித்தால் நொறுங்கி உதிரும். அதை மறுபடியும், இன்னும் அதிகச் சூட்டில், நைட்ரஜனில் சுட்டால் இழை இறுகும், இறுகினால் உதிராது என்று கணக்குப் போட்டேன். பம்புகளில் கசிவை அடைக்கும் கிராஃபைட் பேக்கிங் துணி செய்ய இரண்டாவது உலை ஒன்று வைத்திருந்தோம். அது ஆயிரத்து நானூறு வரை போகும். தயாராக இருந்த ஒரு லாட்டை அதில் ஏற்றச் சொன்னேன். யோசனை முழுக்க என்னுடையது.

லேபில் வசந்தா என்று ஒருவர் இருந்தார். வேதியியல் பட்டதாரி. பாப்பாரப்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். உலை ஏற்றிய அன்று சாயங்காலம் கிளம்பும்போது என் மேசைக்கு வந்தார்.

"சார், வெளிய எடுத்ததும் நான் வர்ற வரைக்கும் அனுப்பாதீங்க. துளை இருக்குதான்னு அயோடின் போட்டுப் பாத்துடறேன்."

"இந்த லாட்டுக்கு நேத்துதானேம்மா போட்டீங்க? பாஸ் ஆச்சே."

"அது சூடு பண்றதுக்கு முந்தி சார்."

"சூடு பண்ணா துணி வேற துணி ஆயிடுமா?"

இந்தக் கேள்வியை நான் கேலியாகத்தான் கேட்டேன். அதற்குப் பதில் "ஆமாம்" என்பது பதினெட்டு மணி நேரத்துக்குள் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலைக்கு வருகிறேன். எங்கள் உலைக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. துணி வெளியே வந்ததும் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒரு சாண் இடைவெளியில் துணிமேல் வைத்து, மின்தடை எத்தனை ஓம் என்று பார்ப்போம். துணி சரியாகக் கரியாகவில்லை என்றால் எண் ஆயிரக்கணக்கில் நிற்கும். நன்றாகக் கரியாகியிருந்தால் இறங்கும். வந்த எண்ணை உலைக் கதவில் சாக்பீஸால் எழுதுவோம். குறைந்த எண் எழுதிய ஷிஃப்ட், மற்ற ஷிஃப்ட்டைப் பார்த்து ஒரு வாரம் மீசையை முறுக்கும். லேப் முடிவு வர ஒன்றரை மணி நேரம் ஆகும், மீட்டருக்கு அரை நிமிடம் போதும். நாளடைவில் நாங்கள் மீட்டரைத்தான் நம்பினோம்.

அன்று பாஷா மீட்டர் வைத்தார். இந்த லாட் முதல் உலையிலிருந்து வந்தபோது அறுபது காட்டியிருந்தது. இப்போது ஏழு. அவர் முனைகளைத் துடைத்து மறுபடி வைத்தார். ஏழு. கதவில் எழுதியிருந்த எல்லா எண்களுக்கும் மேலே, பெரிதாக எழுதினார்.

"எங்க அத்தா பாத்திரத்துக்கு ஈயம் பூசறவர் சார். மினுக்கு வந்தாத்தான் பூச்சு புடிச்சுதுன்னு அர்த்தம்பார். இதுக்கு மேல என்னா சர்டிபிகேட் வேணும்?"

ஏழரை மணிக்குப் பெயின்ட் கம்பெனியின் வேன் வந்துவிட்டது. எட்டுக்கு வரவேண்டியது. அன்று காரிமங்கலத்தில் சந்தை. ரோடு அடைத்துக்கொள்வதற்குள் போய்விட வேண்டும் என்று டிரைவர் அவசரப்பட்டார். வசந்தா வர ஒன்பதே காலாகும். லாட்டோடு ஒரு சோதனைச் சீட்டு போக வேண்டும். சீட்டில் அயோடின் எண்ணுக்கு ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில் நான் இரண்டு நாள் பழைய எண்ணை எழுதினேன். பொய் எழுதுகிறோம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அதே துணி, அதே லாட், சோதித்த எண். பின்னால் யோசித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: ஒரு எண்ணை எழுதும்போது அது எந்தப் பொருளின் எண் என்று கேட்காமல் எழுதினால், கை நடுங்காமலே பொய் எழுதலாம். ஏழே முக்காலுக்கு வேன் கிளம்பியது.

வசந்தா ஒன்பது இருபதுக்கு வந்தார். வேன் போய்விட்டது என்று பாஷாவிடம் தெரிந்துகொண்டார். உலை மேசையில் கிடந்த வெட்டுத்துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு லேபுக்குள் போனார்.

பத்து நாற்பதுக்கு என்னைக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு குடுவைகள் இருந்தன. இரண்டிலும் ஒரே அளவு அயோடின் கரைசல், ஒரே எடைத் துணி. அயோடின் பால் விடாத டீயின் நிறத்தில் இருக்கும். துளை உள்ள துணி அதை உள்ளே இழுத்துக்கொள்ள, நிறம் வெளுக்கும். ஒரு குடுவையில் சூடுபடுத்தாத பழைய துணி. அதில் தண்ணீர் ஏறத்தாழ வெளுத்திருந்தது. மற்றதில் எங்கள் பளபளப்பு. டீ அப்படியே இருந்தது.

"கரைசல் பழசா இருக்கும்" என்றேன்.

"ரெண்டும் ஒரே பாட்டில் சார்."

"சரியாக் குலுக்கலையோ என்னவோ."

"நீங்க குலுக்குங்க."

குலுக்கினேன். டீ டீயாகவே இருந்தது. பாஷா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப ஏழு ஓம்?" என்றார்.

வசந்தா அவரைத் திரும்பிப் பார்த்தார். "எங்க வூட்ல கேவுரு தாளு போரு போடுவாங்கண்ணா. அள்ளிக் கண்டபடி போட்டா மழத்தண்ணி அம்புட்டும் உள்ள எறங்கும். ஒண்ணு மேல ஒண்ணு ஒழுங்கா அடுக்கி மிதிச்சுட்டா ஒரு சொட்டு எறங்காது. நமக்கு எறங்கணும். நீங்க அடுக்கி மிதிச்சுட்டீங்க."

அந்தக் கேழ்வரகு வைக்கோல்போரைவிடத் தெளிவாக எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொன்னதில்லை. கரியின் இழைக்குள் தாள் போன்ற மெல்லிய அடுக்குகள் கசங்கிக் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. அந்த இடைவெளிகள்தான் துளை. சூடு ஏற ஏற அடுக்குகள் நிமிர்ந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. படிந்தால் மின்சாரம் எளிதாக ஓடும், இழை இறுகும், பளபளக்கும், தூசி உதிராது. துளை மூடிவிடும். நாங்கள் கொண்டாடிய ஒவ்வொரு அடையாளமும் துணி செத்ததற்கான அடையாளம். மீட்டர் பொய் சொல்லவில்லை. முதல் உலைக்கு உரிய கேள்வியை இரண்டாவது உலையில் கேட்டது நாங்கள்.

முதலாளி அறைக்கு ஓடினேன். அவர் முழுவதும் கேட்டார். "இன்னொரு தடவ டெஸ்ட் போட்டுருங்க. ஒரு குடுவைய நம்பி நாமளே நம்ம பேரக் கெடுத்துக்க வேணாம். ஒன்றரை மணி நேரந்தானே?" என்றார். நியாயமான பேச்சுதான். ஆய்வகத்தில் அது நல்ல பழக்கம். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் தப்பாகப் போகக்கூடியது எங்கள் பக்கம் பெயர், அந்தப் பக்கம் ஆள். நான் ஓசூருக்கு அவசர டிரங்க் கால் பதிவு செய்தேன். முதலாளி தடுக்கவில்லை.

லைன் கிடைக்கப் பதினொன்று இருபத்தைந்து ஆனது. ஸ்டோர்ஸ் அதிகாரியே எடுத்தார்.

"சார், நானே போன் பண்ணணும்னு இருந்தேன்! துணி ஏ-ஒன்னுங்க. கையில ஒட்டவே இல்ல. நம்ம ஆளுங்க மொத தடவையா மொனகாம மாஸ்க் போடறாங்க."

"ரொம்ப சந்தோஷங்க. அந்த லாட்டுல ஒரு சின்ன சந்தேகம் இருக்குது, அதச் சொல்லலாம்னுதான்..."

"இருக்கட்டும் சார், எந்த லாட்டுல சின்னச் சந்தேகம் இல்ல? அடுத்ததுல பாத்துக்கலாம்."

"இல்லைங்க, வந்து, அயோடின் வேல்யூ கொஞ்சம் கொறைச்சலா வர்ற மாதிரி..."

நான் பேசிய சொற்களை அப்படியே எழுதியிருக்கிறேன். சின்ன, கொஞ்சம், மாதிரி. ஒரு மனிதன் மூச்சு சம்பந்தப்பட்ட செய்தியை, விருந்துக்கு வர முடியாததைச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தேன். வசந்தா பக்கத்தில் நின்றிருந்தார். கையை நீட்டி ரிசீவரை வாங்கினார். கேட்டு வாங்கவில்லை.

"சார், நான் லேப்ல இருந்து பேசறேன். அந்தத் துணி ஒண்ணும் புடிக்காது. மாஸ்க் போட்டாலும் போடாட்டாலும் ஒண்ணுதான். யாரையும் உள்ள எறக்காதீங்க."

எதிர்முனையிலிருந்து எனக்கே கேட்கும்படி அவர் குரல்: "எறங்கி இருபது நிமிசமாச்சேம்மா."

ரிசீவரை மேசைமேல் போட்ட சத்தம். நாற்காலி உருண்ட சத்தம். வசந்தா ரிசீவரை என்னிடம் தந்தார். காதில் வைத்தேன். அந்த அறையின் மின்விசிறி ஓடுவது கேட்டது. வேறொன்றும் இல்லை.

எக்ஸ்சேஞ்ச்காரம்மா குறுக்கே வந்தார். "மூணு நிமிஷம் ஆச்சுங்க, நீட்டிக்கவா?"

"நீட்டிங்க."

மறுபடி மின்விசிறி. முதலாளி அறை வாசலுக்கு வந்து என் முகத்தைப் பார்த்தார். தலையசைத்தேன், ஒன்றும் தெரியவில்லை என்று. எக்ஸ்சேஞ்ச் மறுபடி கேட்டது; நீட்டினேன். மூன்றாவது தடவையும். அதன்பின் ஒரு பெண் குரல், டைப்பிஸ்டாக இருக்க வேண்டும், "யாருங்க லைன்ல? எல்லாரும் தொட்டிகிட்ட போயிட்டாங்க, அப்பறம் பேசுங்க" என்று சொல்லி வைத்துவிட்டது.

முதலாளி சட்டைப்பையிலிருந்து ஜீப் சாவியை எடுத்தார். "ஏறுங்க" என்றார். மறு சோதனை பற்றி அவர் அதன்பின் பேசவே இல்லை. வண்டியை அவரே ஓட்டினார். சந்தைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்ட பத்து நிமிடமும் ஹாரனிலிருந்து கை எடுக்கவில்லை. கிருஷ்ணகிரி தாண்டியதும், "சீட்டுல யார் கையெழுத்து?" என்று கேட்டார். "என்னுது" என்றேன். "எண்ணு?" "பழைய எண்ணு. நான் எழுதினது. வசந்தாவுக்குத் தெரியாது." "அத அங்க கேட்டாங்கன்னா அப்படியே சொல்லிருங்க" என்றார். அவ்வளவுதான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று பத்து. முனியப்பன் உயிரோடு இருந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் புங்கமர நிழலில் கோணிமேல் படுக்க வைத்திருந்தார்கள். டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி பிடிக்கச் சொல்லியிருந்தார். முனியப்பன் இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தார். கண் திறந்திருந்தது. கயிற்றை இழுத்தபோது கை கால் தொங்கிக்கொண்டு வந்ததாக ஸ்டோர்ஸ் அதிகாரி சொன்னார். வழக்கமாக முனியப்பன் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முகம் துடைக்க மேலே வந்துவிடுவார். அன்று துடைக்க எதுவும் இல்லாததால் வரவில்லை. மேலே கயிற்றைப் பிடித்திருந்த ஆளும், புது மாஸ்க் நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். தூசி ஒரு தொல்லை என்று மட்டுமே நாங்கள் பார்த்திருந்தோம். அந்தத் தொல்லைதான் அவரை இத்தனை நாள் வெளியே இழுத்து வந்துகொண்டிருந்தது என்பதை நாங்கள் யாரும் விசாரிக்கவில்லை. எங்களிடம் வந்தபோது அவரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். நாங்கள் சிரித்தோம்.

என்னைப் பார்த்ததும் அவர், "நல்ல துணிங்க சார், மூஞ்சில ஒண்ணுமே ஒட்டல" என்றார். என்ன நடந்தது என்று அவருக்கு அப்போது யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன். துணி கெட்டது, கெடுத்தது நான், சீட்டில் தப்பான எண் எழுதியதும் நான் என்று அவரிடமும், பிறகு அவர்களுடைய மேனேஜரிடமும் சொன்னேன். மேனேஜர் நிறையத் திட்டினார். முனியப்பன் கேட்டது ஒன்றுதான்: "அப்ப அந்தப் பழைய கரித்துணிதான் நல்லதாங்க?"

அந்தக் கம்பெனி எங்களிடம் வாங்குவதை நிறுத்தவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. துணியை இரண்டு மெல்லிய பருத்தித் துணிகளுக்கு நடுவில் வைத்துத் தைத்தால் தூசி வெளியே வராது என்று வசந்தா சொன்னார். அதற்கு உலையே தேவைப்படவில்லை. அன்று முதல் எந்தத் துணியும், எந்தச் சூட்டுக்குப் போய் வந்தாலும், வந்த பிறகு எடுத்த எண் இல்லாமல் கேட்டைத் தாண்டவில்லை. வேன் நின்றால் நிற்கட்டும் என்று ஆனது. பாஷா உலைக் கதவில் இருந்த சாக்பீஸ் எண்களை ஈரத்துணியால் துடைத்தார்.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இரண்டு. சூட்டில் போட்டு எடுத்த பொருள் புதுப் பொருள். அதன் பழைய எண்கள் அதற்குச் சொந்தமில்லை. இரண்டாவது, கெட்ட செய்தியைச் சொல்லும்போது முதல் வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். வசந்தா சொன்ன மாதிரி. எதிரில் இருப்பவர் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தால் இன்னும் சீக்கிரம் சொல்லுங்கள்.

முனியப்பன் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிறகு வேலைக்குத் திரும்பினார். தொட்டிக்குள் இறக்காமல் அவரைப் பெயின்ட் டப்பா பேக்கிங்கில் போட்டார்கள். சூளகிரிப் பக்கம் ஒரு கிராமத்தில் அவர் வீடு. அடுத்த பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போனேன். அவர் மனைவி மோர் கொடுத்தார். முனியப்பன் வாசலில் உட்கார்ந்து முறத்தில் துவரை புடைத்துக்கொண்டிருந்தார், நன்றாகத் தேறியிருந்தார், பேசினார், சிரித்தார். உள்ளே அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்து தீய்ந்தது. எனக்கு அந்த நாற்றம் வந்து, "அம்மா, அடுப்பு" என்றேன். அவர் மனைவி எழுந்து ஓடினார். தீய்ந்த நாற்றம் வாசல் முழுக்க நிறைந்திருந்தும் மூக்கைச் சுளிக்காமல் முனியப்பன் என்னை ஏறிட்டுப் பார்த்து, "என்னாங்க?" என்று கேட்டார்.